அறுவடை மாதத்தில் மழை கேட்கப் போனோம்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் இவன் யார் பேசுவதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி. அந்த லோரிகள் நிற்க ஒரு கொட்டகை. சேற்று நிலம், தூண் நிற்காது என்று எஞ்சினியர் கைவிரித்த இடத்தில் ஒரு மாடி வீடு. வீடு இன்றும் நிற்கிறது, எஞ்சினியர்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு மகள்களை டாக்டராக்கினேன். மகனை ஒன்றும் ஆக்க முடியவில்லை, அவன் கிடார் வாசிக்கிறான். நம் சபைக்குக் கூரை, கழிவறை, கார் நிறுத்துமிடம். இவ்வளவையும் செய்தவன் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படித்தவர்கள் கமிட்டியில் இருந்தார்கள்.

அந்தக் கமிட்டிதான் எங்களைத் தஞ்சாவூருக்கு அனுப்பியது.

விஷயம் இதுதான். ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நம் சபை ஒரு சின்ன ஜெப வீட்டைப் பல வருஷமாகத் தாங்கி வருகிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அங்கே ஊழியர் மோசஸும் அவர் மனைவி கிரேஸியும் இன்னும் குடியிருக்க வேண்டும். ஆடி மாதத்தில் மோசஸ் போன் செய்து, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, ஜனங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மழைக்காக ஜெபியுங்கள் என்றார். கமிட்டி கூடியது. துணைக் கமிட்டி போட்டது. துணைக் கமிட்டி கூடி, ஒரு வாரம் நேரில் போய் ஜெபிக்கலாம் என்று முடிவெடுத்து, பேனர் அடித்து, பாஸ்டர் எட்வினைத் தலைவராக நியமித்து முடிப்பதற்குள் தை மாதம் பிறந்துவிட்டது. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இன்னொரு உத்தரவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த ஊரில் ஆள் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிறைவுக் கூட்டத்திலும் கூட்டம் இல்லை என்றால் ஜெப வீட்டை மூடிவிட்டு மோசஸை வேறெங்காவது அனுப்பிவிடுவது. விமானத்தில் பாஸ்டர் இதை என்னிடம் ரகசியமாகச் சொன்னார். தஞ்சாவூர் வந்து சேர்ந்து பார்த்தால், வரவேற்க வந்த மோசஸுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. சபை ரகசியம் அப்படித்தான், ஆளுக்கு முன்னால் போய் நிற்கும்.

திங்கட்கிழமை தஞ்சாவூரில் பாஸ்டர், பெரிய கோயிலைப் படம் எடுக்க வேண்டாம், நாம் ஊழியத்துக்கு வந்திருக்கிறோம் என்றார். நான் எடுத்தேன். கட்டடம் கட்டியவனுக்குக் கட்டடம் கட்டியவன் மரியாதை செய்ய வேண்டாமா? பிறகு காபி குடித்தோம். ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றுகிறார்கள். நம் ஊர் மாமாக் கடையில் தே தாரிக் என்று டீயை இழுத்து ஆற்றுபவன் பார்த்தால் வாயை மூடிக்கொள்வான். ஆனால் டம்ளர் இருக்கிறதே, குழந்தைக்கு மருந்து ஊற்றும் சங்கு மாதிரி. மேலும் மேலும் கேட்டு வாங்கிக் குடித்தேன். கடைக்காரர் கடைசியில் அண்டாவைக் காட்டி, "இதுலயே ஊத்திரட்டுங்களா?" என்றார்.

வாடகை வேன் ஓட்டுநர் பெயர் செந்தில். ஏசி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குங்க சார். போட்டா வண்டி மேடு ஏறாது."

"கண்ணுக்கு எட்டின மட்டும் தட்டையாத்தானே கிடக்கு?"

"வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம் இருக்குல்ல சார்."

காவிரி இத்தனை கிளையாகப் பிரிந்தது என் சட்டை நனைவதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரத்தநாடு தாண்டியதும் ரோட்டில் பாதியைக் காணோம். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, ஓரத்தில் கல் அடுக்கி எல்லை கட்டியிருந்தார்கள். எதிரே பஸ் வந்தது. செந்தில் இடது சக்கரத்தை நெல்லில் இறக்கினான். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண் பலகையோடு ஓடி வந்தார்.

"ஏய், நிறுத்து வண்டிய! கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"பஸ்சு வந்துச்சுக்கா."

"பஸ்சு வந்தா வாய்க்கால்ல எறக்கு. திங்கிற சோத்துலயா எறக்குவ?" பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். பாஸ்டர் கோட்டும் டையும் போட்டிருந்தார். "யாருடா இவரு, மாப்புளயா?"

"மலேசியாவுலேர்ந்து ஜெபம் பண்ண வந்திருக்காங்க, வளர்மதி," என்றார் மோசஸ்.

"நல்லதுண்ணே. மழ வராம இருக்க ஜெபம் பண்ணச் சொல்லுங்க. அத்தன பேரு நெல்லும் வெட்டவெளியில கெடக்கு. ஒரு சொட்டு விழுந்தாலும் நாங்க செத்தோம்."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் காலடியில் சுருட்டிக் கிடந்த பேனரைப் பார்த்தேன். அதில் இருந்தது: டெல்டா மண்ணில் மழை வேண்டி சிறப்பு ஜெப வாரம்.

"போன்ல சொன்னேங்க ஐயா," என்றார் மோசஸ், மிகவும் மெதுவாக. "இது அறுப்புக் காலம்னு. பேனர் அடிச்சாச்சுன்னு சொல்லிட்டாங்க."

செவ்வாய்க்கிழமை வீடு வீடாகப் போனோம். பாதி வீடு பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த வீட்டில் நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள், நாங்கள் சொன்னதற்கெல்லாம் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். இந்த ஊர் மரியாதையைப் போல ஒரு கோட்டைச் சுவர் நான் பார்த்ததில்லை. எங்கே முட்டினாலும் மெத்தென்று இருக்கிறது, உள்ளே மட்டும் போக முடியவில்லை. ஒரு வீட்டுக்காரர் சுவரைக் காட்டினார். முருகன், வேளாங்கண்ணி மாதா, பக்கத்தில் அவருடைய கட்சித் தலைவர்.

"இயேசுவும் நல்ல சாமிங்க. வருசா வருசம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போறோமே."

இது போதாது என்று பாஸ்டர் இங்கிலீஷில் சொல்ல, மோசஸ் தமிழில் சொன்னார்; பாஸ்டருக்கு வரும் வீட்டுத் தமிழுக்கு இந்த ஊர்ப் பேச்சு பிடிபடாது.

"போதலன்னா இன்னும் பெரிய படமா குடுங்க, மாட்டிருவோம்," என்றார் அவர்.

அடுத்த வீட்டில் மகனுக்கு மலேசியா விசா கிடைக்க ஜெபிக்கச் சொன்னார்கள். ஜெபித்தோம். அந்த வாரத்தில் முழு மனதோடு ஆமென் கேட்டது அந்த வீட்டில்தான்.

பகல் சாப்பாடு கிரேஸி சமைத்தார். விரால் மீன் குழம்பு. அதைப் பற்றி எழுத எனக்குப் படிப்பு போதாது. பாஸ்டர் முள்ளுக்குப் பயந்து ரொட்டி கேட்டார். ஒரத்தநாட்டிலிருந்து ரொட்டி வாங்கி வரச் செந்தில் போனான், போனவன் அங்கேயே தூங்கிவிட்டான்.

புதன்கிழமை பாஸ்டருக்கு ஒரு யோசனை உதித்தது. திருவையாற்றில் இசை விழா, காவிரிக் கரையில் கூட்டம் அலை மோதும், அங்கே துண்டுப் பிரதி கொடுக்கலாம் என்றார். "பாட்டுக் கேக்க வந்தவங்கள எதுக்குங்க ஐயா..." என்று மோசஸ் இழுத்தார். யாரும் கேட்கவில்லை. ஊருக்குள் நுழைய முடியாமல் வேன் வெயிலில் நின்றது. நான் இறங்கிப் போய் அசோகா அல்வா வாங்கிச் சாப்பிட்டேன். பாசிப்பருப்பில் இப்படி ஒரு பொருள் செய்ய முடியும் என்று நம் கிள்ளானில் யாருக்கும் தெரியாது. இலையை நக்கிக்கொண்டிருக்கும்போது பாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை ஊழியத்துக்கு உதவும் பார்வை அல்ல.

பந்தலில் பிரதி கொடுத்தோம். மறுக்காமல் வாங்கினார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரு எத்தன மணிக்குப் பாடுறாங்கன்னு இதுல போடவே இல்லையே சார்?" என்றார். பக்கத்தில் இருந்தவர் அதைத் தொடையில் விரித்து அதன் மேலேயே தாளம் போட்டார். தாளம் சரியாகத்தான் விழுந்தது.

அன்று சாயங்காலம் ஜெப வீட்டு வாசலில் பாஸ்டர் கமிட்டிக்குப் போன் பேசினார். இங்கிலீஷ்தான். எனக்கு இங்கிலீஷ் வராது என்று அவருக்கு ஒரு எண்ணம். துறைமுகத்துக் கிளார்க்குகளோடு நாற்பது வருஷம் சண்டை போட்டவனுக்கு வராதா? அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: இங்கே நிலம் கல். மோசஸ் நல்லவர், ஆனால் பலன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கிரேஸி பிளஸ் டூ வரை படித்தவர் என்பதைப் பாஸ்டர் மறந்துவிட்டார். பிறகு ஒரு தட்டு விழுந்தது; தானாக விழுந்த தட்டு அவ்வளவு சத்தம் போடாது.

நான் மோசஸை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, இத்தனை வருஷமா இங்க புதுசா யாரும் வரல. எப்படி இருக்கீங்க?"

அவர் யோசித்தார். "வெள்ளிக்கெழம ஆனா மனசு விட்டுப் போயிரும்ங்க ஐயா. போயிரலாம்னு சொல்லுவேன். கிரேஸி திட்டுவா. சனிக்கெழம ஜெப வீட்டக் கூட்டுவேன். கூட்டிட்டா, ஞாயித்துக்கெழம தொறக்காம இருக்க முடியாதுல்ல?"

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். விசுவாசத்தைப் பற்றி இதைவிடக் குறைவாகப் பேசியவரை நான் கண்டதில்லை. எனக்கே அந்த வாரம் உள்ளே ஆட்டம் கண்டிருந்தது. அன்று கொஞ்சம் நிலைக்கு வந்தேன்.

வியாழக்கிழமை நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தட்டினால் யார் வருவார்? சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே லோரி போக வேண்டும். ஊர் ஜனம் முழுக்க நெல் கொள்முதல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தது. சாக்கு வரவில்லை, எடை போடவில்லை, அவரவர் நெல்லைக் குவித்துவிட்டு அவரவர் குவியலுக்குக் காவல் இருந்தார்கள். சமையல்கூட அங்கேதான். அங்கே போவோம் என்றேன். பாஸ்டர் சம்மதித்தார். ஆனால் பேனரையும் எடுத்து வந்து, இரண்டு கம்பு நட்டு, எல்லோரும் பார்க்கும்படி கட்டிவிட்டார். கமிட்டிக்குப் படம் அனுப்ப வேண்டுமாம்.

படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். எழுந்து வந்தவர் வளர்மதி. குத்தகை நிலத்தில் அவர் முதல் தடவை தனியாகச் சாகுபடி செய்த நெல் அது; அதற்கு முன்பு அவர் குடும்பத்தார் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள்.

"ஏங்க பெரியவரே, எங்க வயித்துல அடிக்கத்தான் ஏரோப்ளேன் ஏறி வந்தீங்களா?"

"அம்மா, இது ஆடி மாசத்துக்கு அடிச்சது," என்றேன்.

"ஆடிக்கு வராம தைக்கு வந்து மழ கேக்குறீங்களே, ஒங்க ஊர்ல காலண்டர் கெடையாதா?"

பாஸ்டர் இதையெல்லாம் ஆவிக்குரிய எழுப்புதலின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு கண்ணை மூடி இங்கிலீஷில் ஜெபிக்கத் தொடங்கினார். ஆண்டவரே, வானத்தின் மதகுகளைத் திறந்தருளும் என்றார். மோசஸ் சுற்றிலும் கிடந்த நெல்லைப் பார்த்தார். பிறகு தெளிவான குரலில் மொழிபெயர்த்தார்:

"ஆண்டவரே, இந்த வாரம் பூரா நல்ல வெயிலக் குடும்."

"ஆமென்!" என்று கொள்முதல் நிலையமே அதிர்ந்தது. பாஸ்டர் உற்சாகமாகி, இந்த நிலம் நனையட்டும் என்றார். "ஒரு மூட்ட கூட நனையாம காப்பாத்தும்," என்றார் மோசஸ். அதற்கும் ஆமென். பாஸ்டர் கண்ணைத் திறந்து என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"ஐயா வாய் ஒண்ணு சொல்லுது, ஐயா துணி ஒண்ணு சொல்லுதே," என்றார் வளர்மதி, பேனரைப் பார்த்து. "சாமி எதக் கேப்பாரு?"

சாமி துணியைக் கேட்டார்.

சனிக்கிழமை காலையிலிருந்தே கிழக்கே கறுத்திருந்தது. ஜெப வீட்டுப் பக்கத்தில் நிறைவுக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டிருந்தோம். மூங்கில் கால், மேலே பெரிய தார்ப்பாய். பந்தல்காரரிடம் பேசி நல்ல கனமான தார்ப்பாயாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் நான். மத்தியானம் தாண்டியதும் முதல் தூறல் விழுந்தது. கொள்முதல் நிலையத்தின் பக்கமிருந்து ஒரே கூச்சல். சிலரிடம் தார்ப்பாய் இருந்தது, சிலரிடம் பழைய சாக்கும் சேலையும் இருந்தன.

நான் பந்தலை அண்ணாந்து பார்த்தேன். பாஸ்டர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"அங்கிள், வேணாம். நாளைக்கு மீட்டிங். பந்தல் இல்லேன்னா ஆள் வராது. ஆள் இல்லேன்னா நான் கமிட்டிக்கு என்ன சொல்றது? மோசஸ் கதி என்ன?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். பந்தலை அவிழ்த்தால் மோசஸின் வருஷங்களையும் சேர்த்து அவிழ்க்கிற மாதிரி. நான் மோசஸைப் பார்த்தேன். "தம்பி, ஒங்க வீடு, ஒங்க ஊழியம். நீங்க சொல்லுங்க."

மோசஸ் வானத்தைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், மறுபடியும் வானத்தைப் பார்த்தார்.

"அவரு என்னைக்குங்க ஐயா வாயத் தொறந்து சொல்லியிருக்காரு?" என்று குரல் கேட்டது. கிரேஸி அரிவாளோடு நாற்காலி மேல் ஏறி முதல் கயிற்றை அறுத்துவிட்டிருந்தார். "நான் இந்தப் பக்கம் அறுத்துட்டேன். நீங்க அந்தப் பக்கம் அவுருங்க. போற ஊருன்னாலும் நெல்லு நனைஞ்ச பாவத்தோட போவ முடியாது."

அவிழ்த்தேன். செந்திலின் வேன் மேல் போட்டோம். பாஸ்டரும் வேனில் ஏறிக்கொண்டார்; மழையில் கோட்டு நனையக் கூடாதாம். பாலத்துக்குப் பாலம் வண்டி முனகிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. வளர்மதியின் குவியலும் பக்கத்தில் இரண்டு குவியலும் மேலே ஒன்றும் இல்லாமல் கிடந்தன. தார்ப்பாயை விரித்ததும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. இருந்தவர்களெல்லாம் உள்ளே புகுந்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். ஆணும் பெண்ணும் கத்தினார்கள். நான் சுற்றி வந்து கயிறு போட்டேன். காற்றில் ஓடும் லோரியில் தார்ப்பாய் கட்டியவன் நான். என் முடிச்சை அவிழ்க்க நான்தான் வர வேண்டும். கட்டிக்கொண்டே ஜெபமும் பண்ணினேன், மழையை நிறுத்தும் என்று. ஒரே வாரத்தில் கொடு என்றும் கேட்டோம், வேண்டாம் என்றும் கேட்டோம். பரலோகத்தில் எங்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ.

மழை பெரிதாகப் பெய்துவிட்டுச் சட்டென்று விட்டது. எல்லோருடைய நெல்லும் தப்பியது என்று சொன்னால் பொய். ஓரத்துக் குவியல் சில நனைந்தன. அதன் சொந்தக்காரர்கள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று குவியல் தப்பின. வளர்மதி கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, நனைந்த கோழி மாதிரி நின்ற என்னைப் பார்த்தார்.

"மழையும் நீங்களே கொண்டாந்தீங்க, தார்ப்பாயும் நீங்களே கொண்டாந்தீங்க. ரெண்டும் ஒரே கம்பெனியா பெரியவரே?"

எல்லோரும் சிரித்தார்கள். மோசஸும் சிரித்தார். அந்த ஊர் ஜனத்தோடு சேர்ந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் இல்லை. மோசஸ் வழக்கம்போல ஜெப வீட்டைத் திறந்தார். வழக்கமாக வரும் சில பேர் வந்தார்கள். பாட்டு, ஜெபம், பாஸ்டரின் அறுவடைப் பிரசங்கம். பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் ஓடியதால் பாதி காதில் விழவில்லை. நடுவில் வளர்மதி வாசலில் வந்து நின்றார். பாஸ்டர் முகம் மலர்ந்து, உள்ளே வாங்க சிஸ்டர் என்று தமிழிலேயே கூப்பிட்டார்.

"இல்லைங்க, நெல்லு காயுது. தார்ப்பாய் இன்னும் ரெண்டு நாள் அங்கயே கெடக்கட்டும், எடுத்துறாதீங்கன்னு சொல்ல வந்தேன்." பிறகு கிரேஸியைப் பார்த்து, "அண்ணி, ஆராதன முடிஞ்சதும் வாங்க, துழாவ ஆளு பத்தல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான் எங்கள் வாரத்தின் பலன். திரும்பும் வழியெல்லாம் பாஸ்டர் போனில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆனால் நம் சபைப் பத்திரிகை வந்ததே, பார்த்தீர்களா? முதல் பக்கத்தில் பெரிய படம். மழையில் நனைந்த கிராமத்து ஜனம், எல்லோரும் இரண்டு கையையும் உயரத் தூக்கி, வாயைத் திறந்து. கீழே: பாஸ்டர் எட்வின் ஜெபித்த வேளையில் கைகளை உயர்த்தித் தங்களை அர்ப்பணித்த டெல்டா மக்கள். மேலே இருந்த தார்ப்பாயைக் கத்தரித்து எறிந்துவிட்டார்கள். வலது ஓரத்தில் கயிற்றோடு ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது.

கமிட்டி படத்தைப் பார்த்து மனம் குளிர்ந்து, ஜெப வீட்டை மூட வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டது. மோசஸ் போன் செய்தார். "மூடலன்னு சொல்லிட்டாங்கய்யா. படத்தப் பத்தி எதுவும் கேட்டுறாதீங்க. விட்டுருங்கய்யா." பின்னால் கிரேஸியின் குரல்: "அவரு விட மாட்டாரு, நீங்க போன வைங்க."

கிரேஸி சொன்னதுதான் சரி. பொய்யான படத்தின் மேல் நிற்கும் ஜெப வீட்டை அடுத்த வருஷம் இன்னொரு பொய் வந்து இடிக்கும். உண்மை தெரிந்து கமிட்டி மூடுவதாக இருந்தால் தாராளமாக மூடட்டும். மறுநாள் காலையில் நான் திறப்பேன், மோசஸ் குடும்பத்துக்கு என் கம்பெனி பொறுப்பு. பல வருஷம் புதிதாக ஒரு ஆளும் சேராத இடத்தில் ஒவ்வொரு ஞாயிறும் கதவைத் திறந்தவருக்கு, மழை நாளில் தன் கூட்டத்தைத் தானே அறுத்துக் கொடுத்த அவர் மனைவிக்கு, கள்ளப் படம் தேவையில்லை.

ஆகவே பத்திரிகை ஆசிரியருக்குச் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த இதழில் அதே படத்தை, அதே முதல் பக்கத்தில், தார்ப்பாயோடு முழுசாகப் போடுங்கள். கீழே இப்படி எழுதுங்கள்: நெல்லைக் காப்பாற்றத் தூக்கிய கைகள். தார்ப்பாயைத் தேர்ந்தெடுத்து, கொண்டுபோய், கட்டியவர் கிள்ளான் லோரி சாமுவேல். முதல் கயிற்றை அறுத்தவர் கிரேஸி மோசஸ். அவர் பெயர் என் பெயருக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில். பாஸ்டரின் பெயரும் வர வேண்டும் என்றால் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. வேனுக்குள்ளிருந்து படம் எடுத்தவர் என்று கடைசியில், சின்ன எழுத்தில் போடுங்கள்.